இடது மூலையில் சிவப்பு

பிரெட்ரிக் ஆரோக்கியசாமிக்குப் பொறாமை சிறுவயதிலேயே பழகிவிட்டது. மலேசியாவின் ஜோகூரில், லாயாங் லாயாங் என்ற சிற்றூரில், தண்டவாளத்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் அவர் வளர்ந்தார். அண்ணன் தோமஸ் மாதா கோவில் பாடற்குழுவில் தனிக்குரலாகப் பாடுவார். தம்பி பின்வரிசையில் நின்றுகொண்டு, பாட்டின் உச்சியில் அண்ணனின் குரல் உடைகிறதா என்று காத்திருப்பார். உடைந்ததே இல்லை. தோமஸ் பாட்டை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கப் போய் வெகுகாலம் ஆகிறது. இன்றும் அந்தப் பாட்டு பூசையில் வந்தால், யார் பாடினாலும், அந்த இடத்தில் பிரெட்ரிக்கின் காது விறைத்துக்கொள்ளும்.

ஐம்பதை நெருங்கும் அவர் இப்போது ஜோகூர் பாருவை ஒட்டிய ஒரு பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளர். வீடு செனாயில். மனைவி லூசி அங்கேயே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். கணவரின் ஆராய்ச்சியைப் பற்றிச் சொந்தக்காரர்கள் கேட்டால் லூசி இப்படித்தான் சொல்வார்: “கண்ணுக்கே தெரியாத சாமானைப் போட்டோ புடிக்கிறாரு. ஆனா இவர் கையில கேமரா இல்ல.”

கேலிதான் என்றாலும் அதில் தவறு இல்லை. மூலக்கூறுக்குள் எலக்ட்ரான் ஒரு புள்ளியில் நிற்பதில்லை; மேகம்போல் பரவியிருக்கிறது. அந்தப் பரவலின் வடிவத்தை ஆர்பிட்டல் என்கிறார்கள். அதன் திட்டுகளில் சில கூட்டல் குறி உடையவை, சில கழித்தல் குறி உடையவை. படம் வரையும்போது ஒன்றைச் சிவப்பாகவும் மற்றதை நீலமாகவும் தீட்டுவது வழக்கம். வெள்ளித் தகட்டின் மேல் மூலக்கூறுகளை ஒரே வாட்டத்தில் படுக்கவைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் வெளியே தெறிக்கும். எந்தத் திசையில் எவ்வளவு தெறித்தன என்பதை ஒரு கருவி பதிவுசெய்யும். அந்தப் பதிவிலிருந்து, உள்ளே இருந்த வடிவத்தைக் கணிதத்தால் மீட்க வேண்டும். அதில் ஒரு தொல்லை உண்டு. கருவி அலையின் வலிமையை மட்டும்தான் சொல்லும். அலை வந்தபோது மேட்டில் இருந்ததா பள்ளத்தில் இருந்ததா என்று சொல்லாது. பாதிச் செய்தி வழியிலேயே தொலைந்துபோகிறது.

தொலைந்த பாதியை பிரெட்ரிக் கோட்பாட்டிடமிருந்து கடன் வாங்கிவந்தார். இந்த மூலக்கூறின் ஆர்பிட்டல் இப்படித்தான் இருக்கும் என்று கோட்பாட்டுக் கணக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கின் மேடுபள்ளங்களை எடுத்து, கருவி தந்த வலிமையோடு சேர்த்துப் படமாக்குவார். படங்கள் நன்றாகவே வந்தன. பத்தாண்டுகளாக, இந்த அளவீடுகளைச் செய்யும் ஒரு வெளிநாட்டு ஒளி நிலையத்திலிருந்து எண்கள் வரும். இவரிடமிருந்து படங்கள் போகும். அவருடைய எல்லாக் கட்டுரைகளிலும் இடது மேல்மூலைத் திட்டு சிவப்பாக இருக்கும். கருத்தரங்குகளில் யாராவது ஒருவர் மரியாதையாகக் கேட்பதுண்டு: பார்க்கப் போகும் இடத்துக்கு, பார்க்க வேண்டியதையே கையில் எடுத்துக்கொண்டு போகிறீர்களே, அங்கே பார்த்தது எது, கொண்டுபோனது எது? அவரிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. அந்தப் பதில் அவருக்கே போதவில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

அதே துறைக்கு விரிவுரையாளராகப் பிரேமலா வந்தபோது நிலைமை இதுதான். கடலோர ஊரான மெர்சிங்கில் பிறந்தவர், அப்பா படகுத்துறையில் டிக்கெட் கொடுத்தவர். பிரெட்ரிக்கைவிடப் பதினைந்து வயது இளையவர். பக்கத்து அறை கிடைத்தது. வந்த இரண்டாம் ஆண்டிலேயே, கோட்பாட்டிடம் கையேந்தாத ஒரு வழியை அவர் செய்துகாட்டினார்.

கேட்டால் எளிமையாகத்தான் இருக்கும். ஆர்பிட்டல் படத்தின் பெரும்பகுதி காலி. எலக்ட்ரான் சில திட்டுகளில்தான் திரண்டிருக்கும். இந்த ஒரு செய்தியே போதும் என்றார் பிரேமலா. கண்ணை மூடிக்கொண்டு எதையாவது ஒரு படமாக எடுத்துத் தொடங்கு. அதில் மங்கலானதை அழி. மீந்ததைக் கருவி சொன்ன வலிமையோடு பொருத்து. மறுபடி அழி, மறுபடி பொருத்து. போகப் போக, படம் தன்னைத்தானே திருத்திக்கொண்டு ஓரிடத்தில் நிற்கும். அப்படி நின்ற முதல் நல்ல படத்தைத் துறைத்தலைவர் சதாசிவம் பெரிதாக அச்சிட்டு நடைவழியில் மாட்டச் சொன்னார். வளையங்கள் வரிசையாக ஒட்டிய ஒரு மூலக்கூறு. மேலும் கீழும் இரு வரிசைத் திட்டுகள். இடது மேல்மூலை நீலம்.

பிரெட்ரிக் முதலில் கவனித்தது அந்த நீலத்தைத்தான். நிறம் வெறும் பழக்கம் என்பது அவருக்குத் தெரியும். ஆர்பிட்டல் முழுவதையும் குறி மாற்றிப் போட்டாலும் கருவி அதே பதிவைத்தான் தரும். சிவப்புக்கும் நீலத்துக்கும் இடையில் இயற்கைக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு செமெஸ்டரிலும் மாணவர்களுக்கு அவரே இதைச் சொல்கிறார். ஆனாலும் காலையில் அறைக்குப் போகும்போது அந்தச் சுவரைப் பார்க்காமல் நடக்கப் பழகினார்.

பொறாமைப்படுகிறவருக்கு அடுத்தவர் வெற்றியின் பருமன் மிகத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். அது எந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறி வந்தது என்பது தெரியாது. தெரியாத பாதியைத் தன்னிடமிருந்தே எடுத்து நிரப்பிக்கொள்வார். பிரெட்ரிக்கும் நிரப்பினார். நல்ல எண்கள் அவளுக்குக் கிடைத்துவிட்டன. சதாசிவத்துக்கு அவளைப் பிடிக்கும். ஒரு நல்ல படத்தைக் காட்டுகிறாள், வராத படங்களை யார் கண்டது?

இந்த மூன்றாவதில் ஒரு நியாயமான கேள்வியும் ஒளிந்திருந்தது.

அந்த நேரத்தில்தான் ஒளி நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த அளவீட்டின்போது, கருவியின் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை உடனுக்குடன் மீட்க ஒரு கணித ஆள் வேண்டும். சதாசிவம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

“ஒரு ஆளுக்குத்தான் இடம். அடுத்த வாரம் அவங்களோட கூட்டம் இருக்கு. ரெண்டு பேரும் பேசுங்க. கேட்டுட்டு முடிவு பண்ணலாம். சண்டை போட்டுக்காதீங்க, நான் சமாதானம் பண்ற வயசுல இல்ல.”

பத்தாண்டுகளாக அங்கிருந்து வந்த எண்களோடு வாழ்ந்தவர் பிரெட்ரிக். அந்த இடத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது, கருவி எவ்வளவு பெரியது, அங்கே உட்கார நாற்காலி எப்படி இருக்கும் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தார். அந்த நாற்காலியில் இப்போது பிரேமலா உட்கார்ந்திருப்பதாக மனம் படம் காட்டியது. அந்தப் படம் மட்டும் எந்தக் கணிதமும் இல்லாமல் தெளிவாக வந்தது.

அவர் பிரேமலாவின் முறையைத் தானே சோதிக்க முடிவுசெய்தார். வெவ்வேறு தொடக்கங்களிலிருந்து பலமுறை ஓட்டி, எல்லா விடைகளையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், முறை நம்பத்தக்கதா என்று தெரிந்துவிடும். நல்ல சோதனைதான். ஒவ்வொரு ஓட்டத்திலும் படம் சட்டத்துக்குள் கொஞ்சம் இடம் நகர்ந்து நிற்கும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே எலக்ட்ரான் அடர்த்தியைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குத் தள்ளிவைத்த பிறகே சராசரி எடுத்தார். திரையில் வந்தது ஒரு சாம்பல் பூச்சு. திட்டும் இல்லை, மூலையும் இல்லை. மழைக்கால மெர்சிங் கடல்மாதிரி இருந்தது.

தனித்தனி ஓட்டங்களை அவர் திறந்து பார்க்கவில்லை. வேறு யாருடைய முறையாக இருந்தாலும் பார்த்திருப்பார்.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த லூசி, தொழிற்சாலைச் சீருடையோடு சோறு போட்டுக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தார்.

“என்ன, மூஞ்சியில லைட்டு எரியுது?”

“பிரேமலா பண்ணதுல ஓட்டை இருக்கு.”

“அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?”

“கூட்டத்துல சொல்லுவேன்.”

“ஏன், அவங்க ரூம் உங்க ரூமுக்குப் பக்கத்து ரூம்தானே? நடக்க முடியலயா?”

“இது ஆராய்ச்சி லூசி. எல்லாருக்கும் முன்னாடி சொல்றதுதான் முறை.”

“அலமாக், முறையாம்.” லூசி மீன் சட்டியை அவர் பக்கம் நகர்த்தினார். “ஒன்னு கேக்குறேன். அவங்க தப்பு பண்ணது சந்தோஷமா, நீங்க கண்டுபிடிச்சது சந்தோஷமா?”

“ரெண்டும் ஒன்னுதான்.”

“ஒன்னா இருந்தா நான் ஏன் ரெண்டா கேக்குறேன்? சாப்பிடுங்க, ஆறுது.”

கூட்டத்துக்கு முந்தின நாள், வழக்கப்படி இருவரும் தங்கள் படங்களைத் துறைக் கணினியின் பொதுக் கோப்பறையில் ஏற்றினார்கள். மத்தியானம் உணவகத்தில் பிரேமலா தன் தே தாரிக்கோடு பிரெட்ரிக்கின் மேசைக்கு வந்து நின்றார்.

“அண்ணே, உட்காரலாமா?”

“உட்காரும்மா.”

“உங்க படங்களைப் பாத்தேன். அந்தச் சராசரிப் படம் இருக்குல்ல, அதைப் பத்தி ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும். கூட்டத்துக்கு முன்னாடி.”

பிரெட்ரிக் அவர் முகத்தில் பயத்தைத் தேடினார். தேடியதால் கிடைத்தது. உண்மையில் அது சங்கடம்.

“நாளைக்கே பேசிக்கலாம்மா. எல்லாருக்கும் முன்னாடி பேசுனா எல்லாருக்கும் நல்லது லா.”

“இல்லண்ணே, சின்ன விஷயம்தான், ஆனா...”

“சின்ன விஷயம்னா நாளைக்குக் கேளு. நான் என்ன ஓடியா போறேன்?”

பிரேமலா கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினார். பிறகு மெர்சிங்கில் காற்று தொடங்கிவிட்டது, அப்பா தன் பழைய படகை விற்கப் பார்க்கிறார் என்று ஏதோ சொல்லிவிட்டு எழுந்து போனார். பிரெட்ரிக் மீதிச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டார்.

கூட்டம் ஆங்கிலத்தில் நடந்தது. நீள மேசையைச் சுற்றித் துறையினர். திரையில் ஒளி நிலையக் குழுவின் தலைவி. பிரேமலா தன் முறையை விளக்கி, நல்ல படத்தைக் காட்டி அமர்ந்தார். அடுத்து பிரெட்ரிக் எழுந்தார். அவர் நன்றாகப் பேசுவார். அன்று இன்னும் நன்றாகப் பேசினார். ஒரு நல்ல விடையை மட்டும் காட்டுவது போதாது என்றார். பல தொடக்கங்களின் விடைகள் ஒத்துப்போக வேண்டும் என்றார். ஒத்துப்போகாவிட்டால் நாம் பார்ப்பது மூலக்கூறை அன்று, நம் ஆசையை என்றார். அந்த வரியை அவர் முன்பே தயார்செய்து வைத்திருந்தார். பிறகு சாம்பல் பூச்சைத் திரையில் போட்டார்.

சதாசிவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரையில் இருந்த தலைவி முன்னால் சாய்ந்து பார்த்தார். சராசரி எடுப்பதற்கு முன் இடத்தை ஒழுங்குபடுத்தியிருக்கிறீர்கள், குறியையும் ஒழுங்குபடுத்தினீர்களா என்று கேட்டார். அதட்டலாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்பதுபோல் கேட்டார்.

பிரெட்ரிக்குப் புரிந்துவிட்டது. ஒரு தொடக்கம் சிவப்பில் போய் நிற்கும். இன்னொன்று நீலத்தில் போய் நிற்கும். இரண்டும் ஒரே ஆர்பிட்டல். அப்படியே கூட்டினால் கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும். பாதிக்குப் பாதி என்றால் எதுவுமே மிஞ்சாது. அடர்த்தியைப் பார்த்து இடம் சரிசெய்திருந்தார். அடர்த்தியில் குறி தெரியாது. பத்தாண்டுகளாகக் கோட்பாடே குறியைக் கையில் கொடுத்துவந்ததால், அதைத் தானே தேடிச் சரிபார்க்கும் தேவை அவருக்கு வந்ததே இல்லை. மாணவர்களுக்குச் சொல்லித்தருவது வேறு, விரல்களுக்குப் பழகியிருப்பது வேறு.

அவர் வாயைத் திறப்பதற்குள் பிரேமலா பேசினார். இந்தப் படம் குறி திருத்தாத முதல் நிலைப் படம், திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று காட்டவே இதை வைத்தோம், திருத்திய படம் இன்னும் கணினியில் ஓடுகிறது, இருவரும் பேசித்தான் முடிவுசெய்தோம் என்றார். குரலில் தடுமாற்றமே இல்லை. திரையில் இருந்தவர் தலையசைத்துக் குறிப்பெழுத ஆரம்பித்தார். எல்லாம் ஒரு மூச்சில் சரியாகிவிட்டது.

பிரெட்ரிக் நின்றுகொண்டே இருந்தார். தோற்றதை அவர் தாங்கியிருப்பார். தோற்பதற்குப் பழக்கம் உண்டு. ஆனால் இவள் முறையும் தந்து, பிழையும் பொறுத்து, இப்போது பொய்யும் தருகிறாள். நேற்று உணவகத்தில் அந்த முகத்தில் இருந்தது என்ன என்பதும் அப்போது புரிந்தது. அவளுடைய திறமைமேல் இருந்த பொறாமை அந்த நொடியில் அவளுடைய பெருந்தன்மைமேலும் பரவியது.

“இல்லை,” என்றார் அவர். “நாங்கள் பேசி வைத்ததில்லை. குறியைத் திருத்த நான் தவறிவிட்டேன். இது என் பிழை. அவருடைய முறையில் பிழை இருப்பதாக இந்தப் படம் எதையும் காட்டவில்லை.”

அதை நேர்மை என்று துறையில் பலர் பிறகு சொன்னார்கள். அவ்வளவு அவசரம் வேண்டியதில்லை. ஒருவரிடம் கடன்படப் பிடிக்காமலும் மனிதர் உண்மை பேசுவதுண்டு. ஆனால் எந்த வாசல் வழியாக வந்தாலும் அது உண்மையாகவே இருந்தது. எதற்காகச் சொன்னார் என்று அளக்க எந்தக் கருவியும் இல்லை.

பிரேமலா போவது என்று முடிவானது. சதாசிவம் அதைச் சொல்ல இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை.

அறைக்குத் திரும்பிய பிரெட்ரிக் கதவைச் சாத்திவிட்டு, ஓட்டங்களை முதல்முறையாக ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாமே தெளிவாக இருந்தன. சிலவற்றில் இடது மேல்மூலை சிவப்பு, சிலவற்றில் நீலம். நீலமாக இருந்தவற்றின் குறியை மாற்றினார்; பிறகு சேர்த்துச் சராசரி எடுத்தார். நடைவழியில் மாட்டியிருந்த படத்தில் திட்டுகளின் ஓரம் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். அது ஒரே ஓட்டத்தின் படம். இதில் அந்தச் சொரசொரப்பு அடங்கியிருந்தது. யாரும் முன்கூட்டிச் சொல்லித்தராத வடிவம் ஒன்று, தானாக வந்து அவர் எதிரில் நின்றது. நல்ல படம். அவ்வளவு சொன்னால் போதும். அவர் அதை ரசித்த நேரத்தைவிட, பிரேமலாவின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட நேரம்தான் அதிகம். ஒரு சொல்லும் எழுதாமல் அதைப் பொதுக் கோப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

“என்னாச்சு?” என்றார் லூசி.

“அவ போறா.”

லூசி சோறு போட்டார். அன்று கேலி செய்யவில்லை. அது பிரெட்ரிக்குக் கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

பயண நாளன்று பிரேமலாவின் கார் பட்டறையில் இருந்தது. சதாசிவம் நடைவழியில் பிரெட்ரிக்கைப் பிடித்தார். “நீங்க செனாய்தானே? ஏர்போர்ட் உங்களுக்குப் போற வழி. பிரேமலாவை ஏத்திக்கிட்டுப் போயிடுங்களேன்.” சில சமயம் நல்லவர்களுக்கு இரக்கமே இருப்பதில்லை.

இருவரும் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். முன்னால் ஒரு எண்ணெய்ப்பனை லாரி ஊர்ந்துகொண்டிருந்தது.

“அண்ணே,” என்றார் பிரேமலா. “அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லியிருக்க வேணாம். நான்தான் சமாளிச்சேன்ல?”

“அதான் பொறுக்கல.”

“எது?”

“நீ சமாளிச்சது.”

பிரேமலா திரும்பிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “உங்களுக்காக மட்டும் சொன்னேன்னு நினைச்சீங்களா? அந்த அம்மா முன்னாடி நம்ம டிபார்ட்மென்ட் அசிங்கப்பட்டா என் டிக்கெட்டும் போயிடும் லா!”

இது உண்மையா, இதுவும் ஒரு சமாளிப்பா என்று பிரெட்ரிக்குத் தெரியவில்லை. ஆனாலும் கொஞ்சம் மூச்சு வந்தது. லாரியை முந்தினார்.

“உங்க சராசரிப் படத்தைப் பாத்தேண்ணே. என்னுதைவிடச் சுத்தமா இருக்கு. அங்க அதைத்தான் காட்டப்போறேன். பல தொடக்கம், சராசரி, எல்லாம் உங்க யோசனைன்னு சொல்லிடுவேன். சரியா?”

தான் போக வேண்டிய இடத்துக்குத் தன் படம் போகும். தன் பெயரை அங்கே இவள் வாய் சொல்லும். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஆசையாக இருந்தது. செனாய் விமான நிலையப் பலகை தெரிந்தது.

“எந்த நிறத்துல போட்டிருக்க?”

“என்னண்ணே?”

“இடது மேல்மூலை.”

“என் பழைய படத்துக்கு ஒத்துப்போகட்டும்னு நீலமா மாத்தியிருக்கேன்.”

“சிவப்பாக்கு.”

“அதுக்கு அர்த்தமே இல்லையே, அண்ணே!”

“தெரியும்.”

“அங்க யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க.”

“நான் கவனிப்பேன்.”

புறப்பாடு வாசலில் காரை நிறுத்தினார். பிரேமலா பெட்டியைத் தள்ளுவண்டியில் ஏற்றி, அதன் மேலேயே மடிக்கணினியைத் திறந்துவைத்தார். காவலர் வந்து ஜன்னலைத் தட்டி, இங்கே நிறுத்தக் கூடாது, கிளம்புங்கள் என்று மலாயில் சொன்னார். “செகெஜாப், பாங், செகெஜாப்,” ஒரே ஒரு நிமிடம் என்று பிரேமலா அவரிடம் கெஞ்சிக்கொண்டே, கணக்கின் ஒரு வரியில் கழித்தல் குறி ஒன்றைச் சேர்த்தார். திரையில் நீலமெல்லாம் சிவப்பானது, சிவப்பெல்லாம் நீலமானது. மூலக்கூறில் எதுவும் மாறவில்லை.

“போதுமா?”

பிரெட்ரிக் காரை விட்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். இடது மேல்மூலை சிவப்பாக இருந்தது. தலையசைத்தார்.

பிரேமலா தள்ளுவண்டியோடு கண்ணாடிக் கதவை நோக்கி நடந்தார். கதவு திறந்து மூடும்வரை பிரெட்ரிக்குக் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு ஒளி நிலையத்தின் அந்த நாற்காலி நினைவுக்கு வந்தது. காவலர் இப்போது விசில் அடித்தார். பிரெட்ரிக் காரை எடுத்தார்.